சுமை பிள்ளையல்ல, பட்டியல்!

நடுவர் அவர்களே! பிள்ளைகளோடு பட்டணப் பயணம் சுமை என்று எதிரணி நண்பர் முழங்கினார். நான் கேக்குறேன்: எங்க ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு 48 மடை. அத்தனையும் ஒரே நாள்ல திறந்தா வயல் தாங்குமா? ரெண்டு நாள்ல சென்னை முழுக்கக் காட்டினா பிள்ளை தாங்குமா? ஒரு நாள் வண்டலூர், செவ்வாய் விடுமுறை. மறுநாள் 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம், வெள்ளி விடுமுறை. மதியம் தூக்கம், சாயங்காலம் மெரினா. போதும்! ரயில்ல 5 வயசு முதல் 12-க்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டா, 2016 முதல் முழுக் கட்டணம். அதுக்காக, ‘முழு டிக்கெட் எடுத்தாச்சு, முழுசாப் பாரு’ன்னு இழுக்காதீங்க. டிக்கெட்தான் முழுசு, கால் இன்னும் அரைதான்! (சிரிப்பு) ஆகவே, சுமை பிள்ளையல்ல, நம் கையிலுள்ள பட்டியலே என்று கூறி அமர்கிறேன்.