பிணியாளர் பணியே பக்தி
(கிளியனூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசித்தோரையும் பிணியாளரையும் ஆதரிப்பது தம்மையே ஆதரிப்பதாகும் என்பது கிறிஸ்து நாதரின் போதனை. அதனைச் செயலிற் காட்டியவரை அறிய நாம் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை; நம் கிளியனூருக்கு அண்மையிலுள்ள திண்டிவனமே போதும்.

1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், வைத்திய மிஷனரியின் புதல்வியாயினும், இந்நாட்டில் ஊழியஞ்செய்ய விரும்பினாரல்லர். 1890களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருக்கையில், ஓரிரவு ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையுற்ற தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றவர் வேறு சாதி இந்து. அம்மையாரோ வைத்தியம் அறியார். வைத்தியரான தந்தையார் ஆடவராதலின், அவரை அழைத்துச்செல்ல அவர்கள் இசைந்திலர். விடியுமுன் அப்பெண்கள் மூவரும் மாண்டனர். சாதியும் மதமும் வேறாயினும் துயரம் ஒன்றே.

அவ்விரவு அம்மையாரின் மனத்தை மாற்றிற்று. அமெரிக்கா சென்று 1899இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900இல் மீண்டார். 1902இல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது. தாம் ஒருவர் போதாமையுணர்ந்து, 1918இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் தொடங்கினார். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960இல் கோடைக்கானலில் காலமானார்.

இதனால் நாம் அறிவது யாது? இரக்கம் மட்டும் உயிரைக் காவாது; கல்வியோடு கூடிய இரக்கமே காக்கும். ஆகவே, நம் பெண்மக்கள் தாதியராகவும் வைத்தியராகவும் பயில நாம் பொருளுதவி புரிவோமாக. அங்ஙனம் கற்றோர், கதவைத் தட்டுபவர் நம்மவரோ பிறரோ என்று கேளாதிருப்பாராக.