பதிவேடுகளைக் காக்கும் வட்டு வரிசை

(ஊராட்சிச் செயலர்களுக்கும் கணினி இயக்குநர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய முகாம்களில் நாம் வழக்கமாகப் பேசி வந்திருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஊர் மக்களின் கண்ணில் படாதது. அலுவலகத்தின் மூலையில் சிறு விளக்குகள் மின்ன ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்புப் பெட்டியைப் பற்றியது அது.

திட்டக் கணக்குகள் பலவும் இன்று இணையத்தின் வழியே தலைமையிடத்துக் கணினிகளுக்குச் சென்றுவிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும், பழைய வீட்டுவரிப் பதிவேடுகளின் ஸ்கேன் நகல்கள், தீர்மானப் புத்தகத்தின் படிகள், வேலைகளின் மதிப்பீடுகள், அளவுப் புத்தகப் பக்கங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றுள் மிகுதியானவை நம் அலுவலகக் கணினிகளிலேயே தங்குகின்றன. அவை அழிந்தால் திரும்பப் பெறுவதற்கு வேறு இடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அங்கே நான்கு ஹார்டு டிஸ்குகள் கொண்ட ஒரு பெட்டி இருந்தது. அவற்றுள் ஒன்று பழுதானாலும் பதிவுகள் அழியா என்று கூறி அமைத்துத் தந்திருந்தார்கள். கூறியது பொய்யன்று. ஒருநாள் அப்பெட்டி விடாமல் ஒலியெழுப்பத் தொடங்கியது. தொல்லையாக இருந்தமையால் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினோம். கோப்புகள் வழக்கம்போல் திறந்தன. ஆதலின் குறையொன்றும் இல்லையென்று இருந்துவிட்டோம். ஆறு வாரங்கள் கழித்து இரண்டாவது வட்டும் நின்றது. அத்துடன் எல்லாம் போயிற்று.

அடுத்த மாதம் ஒரு மூதாட்டி, தம் வீட்டின் பழைய வரிப் பதிவுக்கு நகல் வேண்டி வந்தார். மழையில் நனைந்து மட்கிய காகிதப் பதிவேட்டை, கணினியில் நகல் இருக்கிறதே என்ற துணிவில் நாமே கழித்திருந்தோம். அவ்வம்மையார் நான்கு முறை அலுவலகத்துக்கு நடந்தார். இறுதியில், தம் தகரப் பெட்டியில் அவர் பத்திரப்படுத்தியிருந்த பழைய ரசீது ஒன்றே அவருக்குக் கைகொடுத்தது. பதிவைக் காக்கும் கடமை அலுவலகத்துடையது. காத்தவரோ அந்த மூதாட்டி. அந்த வெட்கமே இன்று இப்பேச்சுக்குக் காரணம்.

வட்டு வரிசை என்பது யாது? நம் நாட்டில் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அப்பெரும் பெட்டி, ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அது போதாமற்போகலாம். பின்னர் வட்டுகள் சிறுத்தன, விலையும் குறைந்தது. 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலை மிகுந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, விலை குறைந்த பல சிறு வட்டுகளைக் கூட்டாக வேலை செய்யவைக்கலாம். ஒன்று போனால் மற்றவை ஈடுசெய்யும்படி அமைக்கலாம் என்பதே அதன் கருத்து. அம்முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயரிட்டனர். நாம் வட்டு வரிசை என்று சொல்வது இதனையே.

இதில் பல வகைகள் உண்டு. ரெய்டு 0 என்பது, நால்வர் தோளில் ஓர் உத்திரத்தைச் சுமப்பது போன்றது. வேலை விரைவாக நடக்கும். ஒருவர் தோளை விலக்கினால் உத்திரம் கீழே விழும். பதிவேடுகளுக்கு இது கூடாது. ரெய்டு 1 என்பது, ஒரே தீர்மானத்தை இரண்டு புத்தகங்களில் ஒருசேர எழுதுவது போன்றது. ஒரு புத்தகம் போனாலும் மற்றொன்று நிற்கும். ஆனால் இடத்தில் பாதியே பயன்படும்.

ரெய்டு 5 சற்று நுட்பமானது. மூன்று ஏடுகளில் 12, 7, 20 என்ற தொகைகள் இருப்பதாகக் கொள்வோம். நான்காம் ஏட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 39 என்று எழுதி வைக்கிறோம். இரண்டாம் ஏடு காணாமற்போனால், 39இலிருந்து 12ஐயும் 20ஐயும் கழித்து, போனது 7 என்று கண்டுகொள்ளலாம். கணினி கூட்டுத்தொகைக்குப் பதிலாக வேறொரு கணக்கைப் போடுகிறது. அந்தச் சரிபார்ப்புக் கணக்கை ஒரே வட்டில் வைக்காமல் எல்லா வட்டுகளிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. வழி ஒன்றே. எனினும் இரண்டு ஏடுகள் ஒருசேரப் போய்விட்டால் இக்கணக்குப் பயன்படாது. நமக்கு நேர்ந்தது அதுவே. ரெய்டு 6இல் வேறுவகையான இரண்டாவது சரிபார்ப்புக் கணக்கும் இருப்பதால், எந்த இரண்டு வட்டுகள் போனாலும் பதிவுகள் பிழைக்கும்.

நான்கு டெராபைட் கொள்ளும் நான்கு வட்டுகள் நம்மிடம் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ரெய்டு 5இல் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ரெய்டு 6இல் 8 டெராபைட் கிடைக்கும். இடம் குறைகிறதே என்று சிலர் தயங்குவர். ஆனால் பழுதான வட்டுக்கு மாற்றாகப் புதியதைப் பொருத்தியதும், மற்ற மூன்றையும் தொடக்கமுதல் இறுதிவரை படித்தே அதனை நிரப்ப முடியும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், வேறு வேலை எதுவும் இல்லாவிட்டாலும், நான்கு டெராபைட்டை நிரப்ப ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகும். அலுவலக வேலையும் உடன் நடந்தால் இன்னும் நீளும். ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுடைய வட்டுகள் மிகக் கடினமாக உழைக்கும் நேரம் அதுவே. மற்றொன்று தளர்வதற்கும் அதுவே வாய்ப்பான நேரம். ஆதலின், நான்கு வட்டுப் பெட்டிக்கு ரெய்டு 6ஐயே நாம் பரிந்துரைக்கிறோம். எழுதும் வேகம் சிறிது குறையும். பதிவேடுகளை வைப்பதற்கு அது தடையாகாது.

இனி அமைக்கும் முறையைக் காண்போம். வட்டுகள் ஒரே கொள்ளளவு உடையனவாக இருக்கட்டும். அளவு வேறுபட்டால், சிறியதன் அளவே எல்லாவற்றுக்கும் கணக்கில் கொள்ளப்படும். வாங்கும்போது விவரத் தாளைப் படியுங்கள். தடங்களைக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைத்த வட்டுகளும் சந்தையில் உள்ளன. அவை காப்பு நகலுக்கு ஏற்றவை. வட்டு வரிசையில் மாற்று வட்டை நிரப்பும்போது மிகவும் மெதுவாகிவிடும்.

ஒவ்வொரு வட்டுக்கும் வரிசை எண் ஒன்று உண்டு. பெட்டியில் செருகும் முன்பே அதனைச் சிறு சீட்டில் எழுதி, அதற்குரிய அறையின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். பழுதானது எதுவென்று மென்பொருள் இவ்வெண்ணைக் கொண்டே சொல்லும். சீட்டு இல்லாத காரணத்தால், பழுதானதை விட்டு நல்ல வட்டை உருவி எடுத்து முழு வரிசையையும் கெடுத்தவர்கள் உண்டு.

லினக்ஸ் கணினியில் வரிசையை உருவாக்குவதற்கு ‘எம்.டி.ஏ.டி.எம்.’ என்ற இலவச மென்பொருள் பயன்படுகிறது. அதன் மேல் ‘எல்.வி.எம்.’ என்ற சேமிப்பு மேலாண்மை மென்பொருளை அமைக்கலாம். பல துண்டு நிலங்களை ஒரே நிலமாக்கி, தேவைக்கேற்ப வரப்பிட்டுப் பிரிப்பதே அதன் வேலை. வரிப் பதிவேடுகளுக்கு ஒரு பகுதி, படங்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிட்டு, சிறிது இடத்தை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். பின்னர் எப்பகுதி நிறைகிறதோ அதன் வரப்பைத் தள்ளி வைக்கலாம். பகுதியைப் பெருக்குவது எளிது; குறைப்பது அபாயமானது. ஆதலின் தொடக்கத்தில் சிறிதாகவே அளந்து கொடுங்கள்.

விண்டோஸ் கணினிகளில் 2012 முதல் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ என்ற பெயரில் இவ்வகை வசதி உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ‘இசட்.எஃப்.எஸ்.’ என்பது வரிசை அமைப்பது, இடம் பிரிப்பது ஆகிய இரு வேலைகளையும் தானே செய்யும். அத்துடன், எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்து, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும். ஓசையின்றிச் சிதைந்த எழுத்தையும் கண்டுபிடிக்கும். எதைத் தேர்ந்தாலும் சரியே. தேர்ந்ததைக் கற்றுக்கொண்டவர் அலுவலகத்தில் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் மாறுதலில் சென்றால் வேலை நின்றுவிடக் கூடாதன்றோ?

அமைப்பதோடு கடமை முடிவதில்லை. வரிசையைக் கண்காணித்து, பழுது நேர்ந்தவுடன் மின்னஞ்சல் அனுப்பும்படி மென்பொருளைப் பணிக்கலாம். அவ்வஞ்சல் ஒருவருக்கு மட்டும் செல்லாமல், அலுவலருக்கும் கணினி இயக்குநருக்கும் ஒருசேரச் செல்லட்டும். மாதம் ஒருமுறை எல்லா வட்டுகளையும் முழுமையாகப் படித்துச் சரிபார்க்கும் பணியும் நடக்க வேண்டும்; யாரும் திறவாத பழைய கோப்புகள் இருக்கும் மூலையில் நேர்ந்த பழுது அப்பொழுதே வெளிப்படும். ஒரு மாற்று வட்டு அலமாரியில் எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும். பழுதான பின் விலைப்புள்ளி கேட்டு, ஒப்புதல் பெற்று, வாங்கி வருவதற்குள் காலம் கடந்துவிடும். மின்தடையின்போது எழுத்து பாதியில் நிற்காதிருக்க யு.பி.எஸ். இன்றியமையாதது. அதன் பேட்டரியையும் சோதித்து வாருங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுவே இன்றைய பேச்சின் உயிர்ப்பொருள். வட்டு வரிசை, காப்பு நகல் ஆகாது. வரிசை காப்பது வட்டின் பழுதிலிருந்து மட்டுமே. நம் கை தவறி ஒரு கோப்பை அழித்தால், எல்லா வட்டுகளும் அக்கணமே அதனை அழித்துவிடும். கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருளுக்கும் வரிசை ஒரு தடையன்று. இடி, தீ, வெள்ளம், திருட்டு ஆகியவை பெட்டியோடு சேர்த்தே கொண்டுபோகும்.

ஆதலின், வாரந்தோறும் தனி வட்டு ஒன்றில் நகல் எடுங்கள். எடுத்தபின் அதனைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். இத்தகைய இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வேறொரு அரசுக் கட்டடத்தின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மக்களின் விவரங்கள் அடங்கியிருப்பதால் அந்நகலைக் கடவுச்சொல்லால் பூட்டுவதும் அவசியம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பழைய கோப்புகளில் ஐந்தைத் தேர்ந்து, நகலிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், முளைப்புத்திறன் பாராத விதை போன்றது. விதைக்கும் நாளில் ஏமாற்றக் கூடும்.

இதற்கென ஒரு சிறு பதிவேடு தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தேதி, வட்டுகளின் நிலை, மீதமுள்ள இடம், நகல் எடுத்த நாள், திறந்து பார்த்தவரின் கையொப்பம் என்று ஐந்து பத்திகள் போதும். அதனைக் காகிதத்திலேயே எழுதுங்கள். மாதந்தோறும் முதல் வேலை நாளில் அப்பதிவேடு நம் மேசைக்கு வர வேண்டும், நாமும் கையொப்பமிடுவோம். நம் பார்வைக்கு வராத மாதம் இருந்தால், அது உங்கள் குறையென்று மட்டும் கொள்ளமாட்டோம். கேட்கத் தவறிய நம் குறையென்றே கொள்வோம்.

பெட்டி ஒலியெழுப்பினால் ஒலியை நிறுத்தாதீர்கள், காரணத்தைக் கண்டறியுங்கள். நகல் வேண்டி நம் வாயிலுக்கு வரும் எந்த முதியவரும் இரண்டாம் முறை நடக்க வேண்டிய நிலை நம் வட்டாரத்தில் இனி இருத்தலாகாது.