உள்ளதை உள்ளபடி சொல்வோம்

(ஜூபிலி விழாவையொட்டி உபதேசியார்கள், பக்த சபையினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி நன்றி கூறும் காலம். நன்றி கூற வேண்டுமானால் பழையவற்றை நினைவுகூர வேண்டும். பழையவற்றை நினைவுகூரும்போது பேச்சு சற்றுப் பெருகிவிடுவது மனித இயல்பு. நூறு பேர் ஆயிரம் பேராவார்கள். காய்ச்சல் தணிந்தவர் செத்துப் பிழைத்தவராகிவிடுவார். சொல்பவருடைய எண்ணத்தில் தீமை இராது. "ஆண்டவருடைய மகிமைக்காகத்தானே சொல்கிறோம்" என்பார். ஆண்டவருடைய மகிமைக்கு நம்முடைய மிகைப்பேச்சு தேவைதானா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

வேதாகமம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. யோபுவின் நண்பர்கள் கடவுள் சார்பில் வழக்காடுவதாக எண்ணிக்கொண்டு, நடவாததை எல்லாம் பேசினார்கள். கடவுளுக்காகப் பொய் பேசுவீர்களோ என்று யோபு அவர்களைக் கேட்டார். கடைசியில் ஆண்டவர் கண்டித்தது அந்த நண்பர்களையே. அப்போஸ்தலர் பணி நூலில் அனனியாவும் சப்பீராவும் நிலத்தை விற்றுக் காணிக்கை கொண்டுவந்தார்கள். அவர்கள் கொடுத்தது மெய்தான். ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததுபோல் காட்டினார்களே, அதுதான் குற்றம். மிகைப்படுத்தல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

நற்செய்தியாளர்களைப் பாருங்கள். வலையில் மீன் ஏராளமாய்ப் பட்டது என்று எழுதியிருந்தால் போதும். அருளப்பரோ 153 என்று எண்ணிக் கணக்குச் சொல்கிறார். இராயப்பர் திருச்சபையின் தலைவர். ஆனாலும் அவர் மும்முறை ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்காமல் சொல்கின்றன. நமக்குக் கிடைத்த சாட்சியத்தின் பலமே அதுதான்.

இனி, நம் எல்லோருக்கும் பிரியமான புனித சவேரியாரிடம் வருவோம். அவர் 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பன்மொழி பேசும் வரம் இருந்தது, எந்த நாட்டில் கால் வைத்தாலும் அந்நாட்டு மொழி தானாக நாவில் வந்தது என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். 1622இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டது பற்றிய திருமடலிலும் இந்த வரம் இடம் பெற்றுவிட்டது.

சவேரியார் தம் கையாலேயே எழுதியது என்ன? 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் தம் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். மக்கள் பேசுவது தமக்கு விளங்கவில்லை. தாம் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைத் தேடிச் சேர்த்து, பல நாள் கூடியிருந்து, மிகுந்த பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாய்ப் போனேன் என்கிறார். அதே 1544இல் உடன் ஊழியரான மான்சில்லாசுக்கு எழுதும்போது, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லாமல் தாம் தவிப்பதைச் சொல்கிறார். 1549இல் ஜப்பான் சேர்ந்த பிறகும், அந்த மக்கள் நடுவில் தாம் சிலைபோல் நிற்பதாகவும், குழந்தையைப்போல் மொழி படிக்க வேண்டியிருப்பதாகவும் எழுதினார். அங்கே கடவுளைக் குறிக்க முதலில் ஒரு பௌத்தப் பெயரை வழங்கினார். அது பொருந்தாத பெயர் என்று தெரிந்தபோது தயங்காமல் கைவிட்டு, மக்களுக்கும் அறிவித்தார்.

சவேரியாரின் வரலாற்றை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் கெயோர்க் ஷுர்ஹாமர் என்ற இயேசு சபைக் குரு. அவரும் இந்தப் பன்மொழி வரத்தை ஏற்கவில்லை. அவருக்கு முதல் சாட்சி சவேரியாரின் கடிதங்களே.

இதனால் என்ன நஷ்டம், புனிதருக்குப் பெருமைதானே என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு, சகோதரர்களே. அந்தப் பல நாள் கூட்டத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நம் முன்னோர்! "இந்தச் சொல் சரியல்ல, சுவாமி, எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம்" என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களாகத்தானே இருக்க முடியும்? நம் மொழியில் செபம் பிறந்த வேளையில் உழைத்தவர்கள் அவர்கள். வரத்தால் எல்லாம் நடந்தது என்று நாம் சொல்லும்போது அவர்களை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறோம். சவேரியாரின் வியர்வையையும் துடைத்துவிடுகிறோம். மொழி தெரியாத ஊரில் பணியாற்றத் திணறும் இளம் குருவுக்கும் கன்னியருக்கும் அவர் தரக்கூடிய ஆறுதலையும் பறித்துவிடுகிறோம்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்பது அவர் பெயர். அவர் தமிழைப் படித்துப் படித்து, தமிழுக்கு இலக்கணமே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586இல் வெளியான அடியார் வரலாறும் அவருடைய உழைப்பின் பலன்கள். மொழி வரமாய் இறங்கியது என்று அவரைப்பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் செய்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

திருச்சபையும் மிகைப்பேச்சை எப்போதும் பொறுத்துக்கொண்டதில்லை. ஆசியா மாநிலத்தில் ஒரு குரு, புனித சின்னப்பர்மேல் கொண்ட அன்பினால், அவரும் தெக்கிலாவும் செய்ததாகச் சில செய்திகளைப் புனைந்து எழுதினார். அன்பினால் செய்தேன் என்று ஒப்புக்கொண்டும் அவர் பதவியை இழந்தார். இதை ஏறக்குறைய கி.பி. 200இல் தெர்த்துல்லியன் பதிவு செய்திருக்கிறார்.

லூர்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னையின் காட்சி 1858இல். குணமடைந்ததாகச் சொல்வோரைப் பரிசோதிக்க 1883 முதல் அங்கே மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. 7,000க்கும் மேற்பட்டோர் தாங்கள் குணமடைந்ததாக அறிவித்திருக்கிறார்கள். அவற்றுள் எழுபதாவது குணம் 2018இல்தான் புதுமையென்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்தவை மிகச் சில. மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல பொருள். உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பதே அங்கே கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அதனால் யாத்திரிகர் கூட்டம் குறைந்துவிட்டதா? அன்னையின் பெயர் மங்கிவிட்டதா?

கூட்டிச் சொல்வது ஒரு பிழை என்றால், குறைத்துச் சொல்வதும் மறைத்து வைப்பதும் அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் சொல்லும் சாக்கு ஒன்றே: "திருச்சபையின் பெயர் கெடக்கூடாது." சிறாருக்கு நேர்ந்த கொடுமைகளைப் பல நாடுகளில் தலைவர்கள் இந்தச் சாக்கால் மூடி வைத்தார்கள். பாதிக்கப்பட்டோர் தனிமையில் கண்ணீர் விட்டார்கள். சிலி நாட்டில் 2018 ஜனவரியில், அவர்கள் சாட்டிய குற்றத்தை அவதூறு என்றே திருத்தந்தை பிரான்சிஸ் கூறினார். பின்பு விசாரணைக்கு ஆளனுப்பி, உண்மையை அறிந்து, ஏப்ரலில் அந்நாட்டு ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். தம் கணிப்பில் பெரும் பிழை நேர்ந்துவிட்டதென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இராயப்பரின் இருக்கையில் இருந்தவர் இராயப்பரின் கண்ணீரையும் பின்பற்றினார். அதனால் அந்த இருக்கை தாழ்ந்துபோகவில்லை.

உபதேசியார்களே, பக்த சபையினரே, நடைமுறைக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் சொல்லுங்கள். "பெரியவர்கள் சொல்லக் கேட்டோம்" என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, எண்ணிக்கையை எண்ணிய பிறகே சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, திருமணப் பதிவேடு இருக்கிறது. அவற்றில் இல்லாத ஆத்துமாக்களை ஆண்டு அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது, நோயாளி செபத்தால் தேறினால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். மருந்து கொடுத்த டாக்டரையும், இரவெல்லாம் விழித்திருந்த தாயையும் சேர்த்தே சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள். மிகைப்பேச்சை நம்பி ஓர் ஏழை உயிரிழந்தால் அந்தப் பழி நம்மைச் சேரும்.

நான்காவது, தவறாகச் சொல்லிவிட்டால் எந்த இடத்தில் சொன்னோமோ அந்த இடத்திலேயே திருத்திச் சொல்லுங்கள். பீடத்தில் சொன்னதைச் சமையலறையில் திருத்தினால் போதாது.

இந்த மலரில் நம் பங்கின் வரலாறும் வருகிறது. கோயில் கட்டக் கல் சுமந்த கைகளை அதில் எழுதுங்கள். நடந்த சண்டைகளையும், பிறகு சமாதானமானதையும் எழுதுங்கள். நாளை இதைப் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் ஓரிடத்தில் பொய்யைக் கண்டுவிட்டால், மெய்யான இடங்களையும் சந்தேகிப்பார்கள். ஆண்டவர் நமக்குச் செய்தது உள்ளபடியே பெரிது. அதை உள்ளபடியே சொல்ல அவர் நமக்கு அருள் புரிவாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!