நோன்பு திறந்த பின் வரும் அந்தச் சில நிமிடங்கள்



ரமழான் மாலைகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு காட்சியைக் காணலாம். கஞ்சி அருந்தி நோன்பு திறந்து, மஃரிப் தொழுகையை முடித்தவர்களுள் சிலர் அவசரமாகத் தெருமுனைக் கடையை நாடிச் செல்வர். 13 மணித்தியாலத்திற்கு மேல் புகையைத் தீண்டாதிருந்த கரங்கள் மீண்டும் சிகரெட்டைப் பற்றவைக்கும்.

அவர்களுள் நீங்களும் ஒருவராயின் சற்றுச் சிந்தியுங்கள். "என்னால் விட முடியாது" என்கின்றீர்கள். அவ்வாறாயின், பகல் முழுவதும் விட்டிருந்தவர் யார்? உங்கள் நிய்யத் உறுதியாயிருந்தது. வீட்டாரும் அயலாரும் உங்களுடன் நோன்பிருந்தனர். உறுதியும் துணையுமே உங்களைத் தாங்கின. இரவிலும் அவ்விரண்டையும் தேடிக்கொள்ளுங்கள்.

புகைக்கும் வேட்கை நிக்கொட்டின் என்னும் பொருளுக்கு மூளை பழகிவிட்டதன் விளைவாகும். விட்ட முதற் சில நாட்களில் அது கடுமையாயிருக்கும். எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றும். சில வாரங்களில் இவை பெரும்பாலும் தணிந்துவிடும். ஒவ்வொரு வேட்கையும் ஓர் அலையைப் போன்றது. சில நிமிடங்கள் பொறுத்தால் அது தானே அடங்கும். அந்நேரத்தில் தண்ணீர் அருந்துங்கள், ஆழ்ந்து மூச்செடுங்கள், வுழூச் செய்யுங்கள், கடற்கரையோரமாகச் சிறிது தூரம் நடந்து வாருங்கள். தேநீருடன் புகைப்பது வழக்கமாயின், சில நாட்களுக்குத் தேநீர் அருந்தும் இடத்தை மாற்றுங்கள். சட்டைப்பையிலும் வீட்டிலும் ஒரு சிகரெட்டேனும் வைத்திராதீர்கள்.

தனியே போராடாதீர்கள். விடும் நாளை மனைவியிடமும் நண்பரிடமும் முன்கூட்டியே கூறுங்கள். "என் முன்னால் புகைக்க வேண்டாம்" என்று கேட்பதில் வெட்கமில்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். நிக்கொட்டின் கலந்த மெல்லும் பசை போன்றவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

வீட்டாரே, புகைப்பவரை ஏசுவதால் அவர் மறைந்து புகைக்கவே கற்றுக்கொள்வார். அவர் கடந்த ஒவ்வொரு நாளையும் பாராட்டுங்கள்.

ஒருமுறை தவறினால் யாவும் வீணாகிவிட்டதென எண்ணாதீர்கள். பலர் பல முயற்சிகளின் பின்னரே முற்றாக விட்டுள்ளனர். தவறியது எவ்விடத்தில், எவருடன் என்பதை அறிந்து, மறுநாளே மீண்டும் நிய்யத் வையுங்கள்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்தது. ஆனால் உங்கள் வீட்டினுள் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே உங்கள் பிள்ளை சுவாசிக்கும் காற்று உங்கள் கையிலுள்ள அமானிதமாகும். புகைத்தலை விட்டு ஓராண்டு நிறைவுறும்போது, புகைத்தலால் வரும் இருதய நோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது.

இன்றிரவு நோன்பு திறந்த பின் கடைப்பக்கம் செல்லாது, பிள்ளையின் கையைப் பற்றி வீடு திரும்புங்கள். அல்லாஹ் நம் முயற்சியை இலேசாக்குவானாக. ஆமீன்.