ஐந்து நாடுகளை மறந்த எக்செல் ஷீட்

எக்செல்ல சராசரி போடும்போது கடைசி சில வரிகளை செலக்ட் பண்ணாம விட்டிருக்கீங்களா? நான் விட்டிருக்கேன். ரிவ்யூல மாட்டினேன், சரி பண்ணினேன், அதோட முடிஞ்சது.

2010-ல் பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு அதுல இருந்தது. அரசு செலவை வெட்ட நினைச்சவங்களுக்கு இது அல்வா மாதிரி. அமெரிக்காவில் பால் ரயன் தன் பட்ஜெட் திட்டத்திலேயே இதை மேற்கோள் காட்டினார்.

2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்பு வேலைக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரலை. அவங்ககிட்டயே ஷீட்டைக் கேட்டு வாங்கினார். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் சராசரியில் சேரவே இல்லை!

நியாயமா சொல்லணும்னா, ஃபார்முலா தப்பால் வந்த வித்தியாசம் கொஞ்சம்தான். சில வருடத் தரவுகளை விட்டதும், நாடுகளுக்கு வெயிட் கொடுத்த விதமும்தான் பெரிசு. எல்லாம் சரிசெய்தால் சராசரி பிளஸ் 2.2. ஃபார்முலா தப்பை அவங்க ஒத்துக்கிட்டாங்க, முடிவை மாத்திக்கலை.

அந்த வருடம் கிரீஸில் வேலையின்மை 27 சதவீதம். அதுக்கு இந்தக் கட்டுரை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா என் ஷீட்டுக்கு ரிவ்யூ அன்னைக்கே நடந்தது. நாடுகளோட பட்ஜெட் வரை போன ஷீட்டுக்கு மூணு வருடம் ஆச்சு.