உள்ளியும் உறைபனியும்

இலங்கையின் கடைகளில் விற்கப்படும் உள்ளியிற் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. அதிலும் சீனத்து உள்ளியே மிகுதி. சீனாவின் சாண்டோங் மாகாணத்திலுள்ள ஜின்சியாங் மாவட்டம் உள்ளிக்குப் பெயர்பெற்றது. அங்கே உழவர் ஒக்டோபர் மாதத்தில் உள்ளிப்பல்லை நட்டு, மறு ஆண்டு மே மாதமளவிற் கிண்டி எடுப்பர். இடையில் வருவதோ நீரும் உறையும் கடுங்குளிர். மென்மையான இப்பயிர் அக்குளிரில் மடியாதிருப்பது எவ்வாறு?

குளிர் வந்தால் விலங்கு வளையினுள் ஒதுங்கும். பறவை வேறு நாடு செல்லும். உள்ளிக்கோ அசைய வழியில்லை. மற்றுமொரு குறையும் அதற்குண்டு. பயிரிடப்படும் உள்ளி பெரும்பாலும் வித்துத் தருவதில்லை. பல்லை நட்டே பெருக்கப்படுகின்றது. ஆகவே மகள் தாயின் அச்சாகவே அமைகின்றாள். மகரந்தக் கலப்பினாற் புதிய வலிமை வந்து சேர்வது அரிது. குளிரைத் தாங்கும் ஆற்றல் முழுவதும் செடியின் கலங்களுக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

குளிரை முதலில் உணரும் இடங்களுள் ஒன்று கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு. அது கொழுப்புப் பொருளாலானது. நுவரெலியாவிற் காலை வேளையிலே தேங்காயெண்ணெய் போத்தலினுள் உறைந்து கிடக்க, அதனருகே நல்லெண்ணெய் இளகியே நிற்பதைக் கண்டவர் பலர். தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகுதி. நல்லெண்ணெயில் நிரம்பாதவை மிகுதி. வேறுபாடு இதுவே. குளிர் தாக்கியதும் கலத்தின் சவ்வும் தேங்காயெண்ணெய் போல விறைக்கத் தொடங்குகின்றது.

அவ்விறைப்பே அபாய அறிவித்தலாகின்றது. சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்க, கல்சியம் கலத்தினுள்ளே பாய்கின்றது. அச்செய்தியைப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றிக் கலத்தின் கருவிற் சேர்க்கின்றன. கருவினுள் உறங்கிக் கிடந்த பரம்பரையலகுகள் அதனால் விழிக்கின்றன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடொப்சிசு என்னும் சிறு செடியில், இப்பணிக்குத் தலைமை தாங்கும் புரதமொன்றை அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழக ஆய்வாளர் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்செடியைக் குளிரில் வைத்த 15 நிமிடத்திலேயே தலைமை அலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன; ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் அவற்றின் ஏவலுக்குட்பட்ட பல அலகுகள் தொடர்கின்றன. இப்புரதக் குடும்பம் பூக்குந் தாவரங்களிற் பரவலாகக் காணப்படுவது.

அந்த ஏவலின்படி நடைபெறும் வேலைகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, நொதியங்கள் சவ்விலுள்ள நிரம்பிய கொழுப்பமிலங்களை நிரம்பாதவையாக மாற்றுகின்றன. தேங்காயெண்ணெய் நல்லெண்ணெயாகின்றது எனலாம்; சவ்வு மீண்டும் இளகுகின்றது. இரண்டாவது, வெல்லம் பெருகுகின்றது. உள்ளி தன் உணவை மாப்பொருளாகவன்றிப் புரக்டன் என்னும் சேர்வையாகச் சேமித்து வைக்கின்றது. குளிரிலே அது சிறு வெல்லங்களாக உடைகின்றது. வெல்லங் கரைந்த நீர் எளிதில் உறையாது. சவ்வுக்கும் அது காப்பாகின்றது. மூன்றாவது, குளிரால் தொழில் குன்றிய இலையின்மீதும் ஞாயிற்றின் ஒளி விழுந்துகொண்டே இருப்பதனால், தீங்கு செய்யும் ஒட்சிசன் வகைகள் கலத்தினுள்ளே பிறக்கின்றன. அவற்றை அடக்கும் நொதியங்களும் அப்போது பெருகுகின்றன.

ஆயினும் இவை அனைத்துக்கும் காலம் வேண்டும். சிறுகச் சிறுக வரும் குளிரே செடியைப் பழக்கும். இளவெப்ப நாட்களின் பின் திடீரெனக் கடும் உறைபனி விழுந்தால், ஆயத்தமில்லாத கலங்கள் நீரை இழந்து சுருங்கி மாளும்.

குளிர் செய்யும் வேலையைக் கண்ணாற் காண விரும்புவோர் வட சீனத்து இல்லங்களுக்குச் செல்லலாம். அங்கே சந்திர ஆண்டின் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாளான லாபாத் திருநாளில், உள்ளிப்பற்களை உரித்து வினாகிரியில் ஊறவைப்பர். சில நாட்களில் அவை மரகதம் போலப் பச்சை நிறங்கொள்ளும். குளிரில் இருந்த உள்ளிக்கே இது இயல்பாக வாய்க்கும். வெப்பத்தில் வைத்த உள்ளி எளிதில் நிறம் மாறாது. குளிர்காலத்தில் உள்ளியினுள்ளே பெருகிய கந்தகச் சேர்வையொன்று, வினாகிரியாற் கலங்கள் தளர்ந்தபின் நொதியத்தோடு கூடி அந்நிறத்துக்கு வழிசெய்கின்றது.

இவ்வளவு இடர் தரும் குளிர் அடியோடு இல்லாதிருந்தால் நன்றோ? அன்று. போதிய குளிரைக் காணாத பல், பெரும்பாலும் பிரியாத ஒற்றை உருண்டையாகவே முற்றும். குளிரைக் கண்டு, பின் நீண்ட பகலையும் வெப்பத்தையும் பெற்ற செடியே பல பற்களாகப் பிரியும். உழவனுக்கு அடுத்த ஆண்டின் வித்தும் அப்பற்களே.

குளிர்காலங்கள் வெம்மையடைந்து வரும் இந்நாளில் உழவனுக்கு இதனால் இருபுறமும் அச்சமுண்டு: குளிர் குறைந்தாற் பல் பிரியாது, பழகுமுன் கடுங்குளிர் வந்தாற் பயிர் நில்லாது. இரண்டையும் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுக்க, செடியினுள்ளே எழுதப்பட்டுள்ளதைப் படித்தல் வேண்டும். உள்ளியின் பரம்பரை ஏடு முழுவதும் 2020 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 1600 கோடி எழுத்துக்கள் உள்ளன. மனிதனுடையதிலோ ஏறக்குறைய 300 கோடியே. வித்துத் தரும் உள்ளி வகைகளும் மத்திய ஆசியாவிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஏட்டைப் படிப்போரும் வித்தைப் பேணுவோரும் ஒன்று கூடினால், மாறிவரும் குளிருக்கு ஏற்ற உள்ளி உழவனின் கையை அடையும்.