நித்திரையும் நெஞ்சின் தாளமும்



எங்கள் ஊர்காவற்றுறைப் பகுதியில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுப் பாடுவதுண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் அத்தாளத்திற்கு இசைய வடத்தை இழுப்பர். தாளம் தப்பினால், எத்தனை பேர் இழுத்தும் வலை இலகுவிற் கரை சேராது. மனிதருடைய இருதயமும் அத்தகையதே. மேலறைகள் இரண்டும் கீழறைகள் இரண்டும் ஒரு தாளத்திற்கு அமைந்து சுருங்கினாலன்றி இரத்தம் செவ்வனே ஓடாது. அத்தாளத்தின் குலைவுக்கும் குறட்டைக்கும் தொடர்புண்டு என்றால் நம்புவீர்களா? நானும் ஒருகாலத்தில் நம்பியிருக்கமாட்டேன்.

என் தமையனார் பெருங்குறட்டைக்காரர். பகலிலும் திண்ணையில் அமர்ந்தவுடன் கண்ணயர்ந்துவிடுவார். கும்பகர்ணன் என்று நாங்கள் நகைப்போம். அண்ணி மட்டும் நகைத்ததில்லை. “இடையிடையே மூச்சு நின்றுபோகிறது, பிறகு திடுக்கிட்டு எழும்புகிறார்” என்று பன்முறை சொன்னார். எவரும் செவிசாய்க்கவில்லை. ஒருநாள் இறங்குதுறையில் நெஞ்சு படபடத்துத் தமையனார் சாய்ந்துவிட்டார். நாடி ஒழுங்கின்றித் துடிப்பதைக் கண்ட வைத்தியர், அண்ணியின் பக்கம் திரும்பி, “இரவில் இவர் எப்படி மூச்சுவிடுகிறார், அம்மா?” என்று வினவினார்.

அவ்வினாவின் பொருள் யாது? நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுக்குழலின் மேல்வழி முற்றாக அடைபட்டு, 10 விநாடிக்கும் மேலாக மூச்சு நிற்கிறது. கடுமையான நோயுள்ளோருக்கு மூச்சு நிற்பதோ குன்றுவதோ மணிக்கு 30 தடவைக்குக் குறையாது நிகழும். நெஞ்சோ காற்றை இழுக்கப் போராடுகிறது. அவ்விழுவையால் இருதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்கள் விரிகின்றன. இரத்தத்திற் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழிப்பூட்ட, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நாடி விரைகிறது. இரவுதோறும், ஆண்டுக்கணக்காக இது நிகழின், மேலறைகள் தழும்பேறி, தாளத்தை நடத்தும் மின்னோட்டம் வழிதவறுகிறது. அவை ஒழுங்காகச் சுருங்காது நடுங்குகின்றன. அங்கு தேங்கும் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் நேரலாம்.

அமெரிக்காவில் கில்லெமினோ என்னும் வைத்தியரும் துணைவரும் இந்நோயாளர் 400 பேரை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நித்திரையிலே இருதயத் தாளம் பிறழ்ந்ததைக் காட்டியது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1981இல், சிட்னி நகரத்துக் கொலின் சல்லிவன் என்பார், மூக்கில் அணியும் கவசத்தின் வழியே காற்றை இடையறாது செலுத்தித் தொண்டை அடையாது காக்கும் முறையை வெளியிட்டிருந்தார். இன்று உலகெங்கும் கையாளப்படுவது அம்முறையே. ஆயினும், அக்கருவி மட்டுமே இருதயத்தைக் காத்துவிடும் என்று எண்ணலாகாது. தாளக்கோளாற்றுக்கு உரிய மருந்தும் வேண்டும். உடற்பருமனைக் குறைத்தலும், மதுவை விலக்கலும் வேண்டும். ஒருக்களித்துப் படுத்தல் சிலருக்கு நன்மை தரும்.

குறட்டை விடுவோர் யாவரும் இந்நோயாளர் அல்லர். ஆனால் குறட்டையோடு மூச்சுத்தடை, பகற்றூக்கம், காலைத் தலையிடி, அடங்காத இரத்த அழுத்தம் என்பனவும் சேர்ந்திருப்பின், வைத்தியரிடம் சொல்லி, நித்திரையிற் செய்யும் பரிசோதனைக்கு வழி கேட்டல் வேண்டும்.

நேயர்களே, தன் மூச்சு நின்றதைத் துயில்பவர் பெரும்பாலும் அறியார். அருகிற் கண்விழித்திருப்பவரே அதற்குச் சாட்சி. பல இல்லங்களில் அச்சாட்சி ஒரு பெண். அவள் சொல்வதை முறைப்பாடென்று தள்ளிவிடுகிறோம். அண்ணி சொன்னதை அன்றே கேட்டிருந்தால், தமையனார் இறங்குதுறையில் வீழுமுன்னரே வைத்தியரைக் கண்டிருப்பார். இப்போது அவர் கவசம் அணிந்தே துயில்கிறார், மருந்தும் உண்கிறார். அண்ணியும் அச்சமின்றி உறங்குகிறார்.

உங்கள் வீட்டில் எவரேனும் இத்தகைய சொல்லைச் சொல்லியிருந்தால், நாளைக் காலையில் அதை மீண்டும் கேளுங்கள்.